தலைகீழ் கெளுத்தி: மதுரைத் தண்ணிக்கும் வெயிலுக்கும் சரிப்படுமா?

ராத்திரி பத்தரைக்கு மேல் வீடு திரும்புகிறவர்கள் மீன்தொட்டி வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கப்பி, மோலி, டெட்ரா எல்லாம் அந்நேரத்துக்கு ஓய்ந்துபோய் மூலையில் நிற்கும். நான் வில்லாபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஷட்டரை இறக்கி, கணக்கை முடித்து வீட்டுக்கு வரும்போது தெருவே அடங்கியிருக்கும். அந்த நேரத்தில் விழிக்கிற மீன் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த ஆப்பிரிக்கத் தலைகீழ் கெளுத்தி. கடையில் ‘அப்சைடு டவுன் கேட்ஃபிஷ்’ என்று கேளுங்கள், அந்தப் பேர்தான் எல்லோருக்கும் தெரியும். மீனைப் பற்றியும் வாங்கிய கடையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். கடை சரியில்லையென்றால் இந்தப் பேரில் வேறு மீன்தான் வீட்டுக்கு வரும்.

அறிவியல் பெயர் சினோடான்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ். காங்கோ ஆற்றுப் படுகைதான் சொந்த ஊர். 1936இல்தான் இதைத் தனி இனமென்று விவரித்து எழுதினார்கள். முழுதாக வளர்ந்தாலும் நாலு அங்குலத்தைத் தாண்டாது. ஆண் அதைவிடவும் சின்னது. செதில் கிடையாது, தோல் மட்டும்தான். வெளிர் பழுப்பு உடம்பில் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள், பெரிய கண், கவை பிரிந்த வால். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வாலை ஒட்டி இன்னொரு சதைத் துடுப்பும் உண்டு.

“ஆப்பிரிக்கக் கெளுத்தி” என்று சொன்னதும் என் மாமியார் பதறிவிட்டார். “அத வளக்கக் கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, குட்டையில வளத்தவன் மேல கேஸெல்லாம் போட்டாங்களே” என்றார். அவர் சொன்னது சரிதான், ஆனால் அது வேறு மீன். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டது கிளாரியஸ் கேரிபைனஸ். நம்ம ஊர் தேளிக்கு அது உறவு; ஒரு மீட்டருக்கு மேல் வளரும், கிடைத்ததையெல்லாம் தின்னும், குளத்துக்குள் போய்விட்டால் நாட்டு மீனையே அழித்துவிடும். நான் வாங்கியது குடும்பமே வேறான, உள்ளங்கைக்குள் அடங்குகிற மீன். இரண்டின் படத்தையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “இது என்னத்தா, மீசை வச்ச அயிரை மாதிரில்ல இருக்கு” என்றார். அயிரைக்கும் மீசை உண்டே அத்தை என்றேன். வீட்டில் அதன்பிறகு எதிர்ப்பு இல்லை.

இனி, வாங்கப் போகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி.

இந்தப் பேரைச் சொல்லி மூன்று விதமான மீன் விற்கிறார்கள். ஒன்று அசல். இரண்டாவது, மியான்மர் பக்கத்திலிருந்து வருகிற மிஸ்டஸ் லூக்கோஃபாசிஸ். அதுவும் தலைகீழாகத்தான் நீந்தும், ஆனால் உடம்பு முழுக்கக் கறுப்பு, ஒரு அடி வரை வளரும், முரட்டுச் சுபாவம். என் கடைக்கு மாத்திரை வாங்க வரும் ஒரு அண்ணன் வேறொரு கடையில் இதைத்தான் ஆப்பிரிக்க மீன் என்று நம்பி வாங்கியிருக்கிறார். நியான் டெட்ராக்கள் ராத்திரிக்கு ராத்திரி குறைந்துகொண்டே வந்தன. அவர் தண்ணியைச் சந்தேகப்பட்டார், ஃபில்டரைச் சந்தேகப்பட்டார், கடைசியில் ஒருநாள் லைட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்றாவது, சினோடான்டிஸ் யூப்டெரஸ். இதுவும் ஆப்பிரிக்காதான், இதே குடும்பம்தான். குட்டியாக இருக்கும்போது எப்போதாவது மல்லாந்து நீந்திக் காட்டும். வளர்ந்ததும் நேராக நீந்தும், முதுகுத் துடுப்பு கொடிபோல நீண்டுவிடும், சைஸும் அசல் மீனைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். கலப்பினக் குட்டிகளும் சந்தையில் நிறைய வருகின்றன.

கண்டுபிடிக்க ரொம்பப் பாடுபட வேண்டாம். முதலில் மீசையைப் பாருங்கள். அசல் மீனுக்கு மூன்று ஜோடி. மேல்தாடையில் ஒரு ஜோடி நூல்போல நீளமாக, கிளையில்லாமல் இருக்கும். கீழ்த்தாடையில் இருக்கிற இரண்டு ஜோடியும் கிளை பிரிந்திருக்கும். கண்ணாடியோடு ஒட்டி நிற்கும்போது அந்தக் கிளைகள் துல்லியமாகத் தெரியும். மூக்குத் துவாரத்துப் பக்கத்தில் இன்னொரு ஜோடி மீசை தெரிந்தால் அது மியான்மர் மீன், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். யூப்டெரஸ் குட்டிக்கும் மீசை இதேபோலக் கிளை விட்டிருக்கும் என்பதால் அடுத்ததாக வயிற்றைப் பார்க்க வேண்டும். நாம் குழம்பு வைக்கிற எந்த மீனைப் புரட்டிப் பார்த்தாலும் முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. இந்த மீனுக்கு அது மாறி இருக்கும். வயிறு முதுகைவிடக் கறுத்திருக்கும். மல்லாந்து நீந்துகிற மீனுக்கு வயிறுதானே வானத்தைப் பார்க்கிறது. மேலிருந்து பார்க்கிற கொக்குக்கு இருண்ட தண்ணியோடு கறுத்த வயிறு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு வெளிச்சத்தோடு வெளிறிய முதுகு கலந்துவிடும். நிறத்தையே உடம்பின் நிலைக்குத் தகுந்தபடி மாற்றி வைத்திருப்பதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

பிறக்கும்போதே இவை தலைகீழ் கிடையாது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்கள் மாதிரி நேராகத்தான் நீந்தும். இரண்டு மாத வாக்கில்தான் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும். கடைக்கு வருகிற ஒன்றரை அங்குலக் குட்டிகள் எல்லாம் திரும்பி முடித்தவை. அந்த அளவில் ஒரு குட்டி எந்நேரமும் நேராகவே நீந்திக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். தரையில் இரை மேயும்போது மட்டும் அசல் மீனும் நேராக நிற்கும், அதில் குழம்ப வேண்டாம்.

நான் வாங்கியது அரசரடிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னக் கடை. மாடிப்படிக்கு அடியில் தொடங்கி உள்ளே நீளமாகப் போகும். முன்னால் தங்கமீனும் ஃபைட்டரும் வரிசையாகப் பாட்டில்களில் இருக்கும், அதைத் தாண்டிப் போனால்தான் நல்ல சரக்கு. கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். தொட்டியில் ஒரு மீனையும் காணோம். பிவிசி பைப் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினார், உள்ளே கூரையோடு கூரையாக வயிற்றை ஒட்டிக்கொண்டு ஏழெட்டு நின்றன. ஒன்று கொடுங்கள் என்றேன்.

“ஒண்ணு தர மாட்டேங்க்கா.”

“ஏன் தம்பி?”

“தனியா விட்டா பானைக்குள்ள போயி ஒடுங்கிக்கும். நீங்க பாக்கவே முடியாது. செத்துப்போச்சோன்னு கைய விட்டுத் தேடுவீங்க, முள்ளு ஏறிரும். நாலாவது வாங்குங்க, இல்லைன்னா கொஞ்ச நாள் கழிச்சு வாங்க, நா எடுத்து வைக்கிறேன்.”

வந்த வியாபாரத்தைத் தள்ளிவிடுகிற கடைக்காரரை நம்பலாம் என்பது என் தொழிலில் நான் கற்றது. ஒரு மீன் 280 ரூபாய் சொன்னார், ஐந்து எடுத்துக்கொண்டதால் மொத்தமாக 1,300க்குக் கொடுத்தார். கப்பி விலையோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் வீட்டுத் தொட்டியில் இது குஞ்சு பொரிப்பது மிக அரிது. வெளிநாட்டுப் பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் பெருக்குகிறார்கள், அல்லது காங்கோவில் பிடித்து அனுப்புகிறார்கள். இறக்குமதி ஆகி மூன்று கை மாறி மதுரைக்கு வரும் மீனுக்கு இந்த விலை நியாயம் என்றே நினைக்கிறேன்.

அவர் மீன் பிடித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். வலையை எடுக்கவே இல்லை. இந்த மீனுக்கு முதுகில் ஒன்றும் மார்புத் துடுப்புகளில் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள். மார்பு முள்ளின் ஓரம் முழுக்க ரம்பப் பல். பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் பல் ஒவ்வொன்றும் நூலில் மாட்டும், அப்புறம் வலையைக் கத்தரித்துத்தான் மீனை எடுக்க வேண்டும். அதனால் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவைத் தண்ணிக்குள் சாய்த்துப் பிடித்து, இன்னொரு கையில் பள்ளிக்கூட ஸ்கேலால் மெதுவாக ஓட்டினார். டப்பாவைத் தண்ணிக்கு வெளியே தூக்கியபோது உள்ளேயிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம். மார்பு முள்ளின் அடிப்பகுதியைக் குழிக்குள் தேய்த்து எழுப்புகிற ஒலி அது. இந்தக் குடும்பத்து மீன்களுக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. மீன் சத்தம் போட்டுக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பிறகு ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டு, நடுவில் செய்தித்தாளை மடித்து வைத்து, ஆக்சிஜன் ஏற்றிக் கட்டினார். ஒற்றைப் பையில் போட்டுக் கொடுத்தால் முள் குத்தி வழியிலேயே ஒழுகிவிடும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் குறையும் உண்டு. தொட்டியின் அடியில் அந்தக் கூர்மையான நீலக் கலர் கல்லைக் கொட்டி வைத்திருந்தார். இந்த மீன் மீசையால் தடவித் தடவித்தான் இரை தேடும். கூரான கல்லில் மீசை தேய்ந்து கட்டையாகிவிடும், புண்ணும் வரும். நான் வாங்கியதில் ஒன்றுக்கு ஒரு பக்க மீசை பாதிதான் இருந்தது. எடுத்துச் சொன்னேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது கல் போய் மணல் வந்திருந்தது. பகல் முழுக்க வெள்ளை டியூப்லைட் எரிகிறது, அது இன்னும் மாறவில்லை. வண்டி நிறுத்த இடமே இல்லை, மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

இனித் தண்ணி. மதுரையில் மீன் வளர்க்கிறவர்களுக்குப் பாதிக் கவலை இதுதான். எங்கள் வீட்டு போர் தண்ணியில், கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும், துணிக்குச் சோப்பு நுரைக்காது. காங்கோப் படுகையின் தண்ணி மென்மையானது. இந்த மீனுக்குத் தண்ணியின் அமில-கார அளவான பி.ஹெச். ஆறிலிருந்து ஏழரைக்குள், உப்பு குறைவாக இருப்பது நல்லது. ஆகவே போர் தண்ணியை நேராக ஊற்றக் கூடாது. வைகைத் தண்ணி கார்ப்பரேஷன் குழாயில் வருகிற நாளில் இரண்டு டிரம்மில் பிடித்து வைக்கிறேன். அதில் குளோரின் இருக்கும், ஒரு சிட்டிகை ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், போட்டால் உடனே முறிந்துவிடும். மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று பாட்டிலில் விற்பதும் பெரும்பாலும் அதேதான். குழாய்த் தண்ணி வராத வாரத்தில் கேன் தண்ணியோடு கொஞ்சம் போர் தண்ணி கலந்து சமாளிக்கிறேன். மாற்றும்போது கால் பங்குக்கு மேல் ஒரேயடியாக மாற்றுவதில்லை.

வெயில் இதைவிடப் பெரிய விஷயம். 22லிருந்து 26 டிகிரிதான் இதற்குத் தோதான சூடு. அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஹாலில் தொட்டித் தண்ணி 31ஐத் தொடும். மூடியைக் கழற்றி வலை போட்டு, மேல்பரப்பில் படுகிற மாதிரி ஒரு சின்ன டேபிள் ஃபேனை வைத்தேன். தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது, இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்குத் தினமும் ஊற்ற வேண்டும். அதற்கு மட்டும் கேன் தண்ணிதான், போர் தண்ணி ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. ஏர் பம்ப் நின்றது. சூடான தண்ணியில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. டெட்ராக்கள் மேலே வந்து மூக்கை நீட்டிக்கொண்டு, உடம்பைச் சரித்து, தவித்தன. கெளுத்திகளும் மேலே வந்தன, ஆனால் தவிப்பே இல்லை. மல்லாந்த உடம்பு தண்ணிப் பரப்புக்குச் சமமாக நிற்க, வாய் அந்த மேல் ஏட்டோடு பொருந்தியிருந்தது. காற்றோடு ஒட்டியிருக்கிற அந்த மெல்லிய அடுக்கில்தான் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். மற்ற மீன் அதை உறிஞ்ச உடம்பை வளைத்துப் பாடுபட வேண்டும். இந்த மீனுக்கு அதன் இயல்பான நிலையே போதும். ஆக்சிஜன் குறைந்த தண்ணியில் மேல்பரப்பில் சுவாசிக்க இந்தத் தலைகீழ் நிலை கைகொடுக்கிறது என்று ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்லியிருப்பதை முன்பே படித்திருக்கிறேன். எங்கள் ஹாலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. பகலில் கெளுத்திகள் எல்லாம் மேலே வந்து நின்றால் தண்ணி கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

இரை தேடவும் இந்தத் தலைகீழ் நிலைதான் உதவுகிறது. ஆற்றில் மேல்பரப்பில் தொங்குகிற பூச்சிப்புழு, விழுந்த பூச்சி, சின்ன இறால் வகைகள், மிதக்கும் கட்டையின் அடியில் படர்ந்த பாசி, இவற்றைத்தான் தின்னும். கொசுப்புழு மூச்சு விட மேல்பரப்பில்தான் தொங்கும். தலைகீழாகப் போகிற வாய்க்கு அது நேர் எதிரில் கிடைக்கும். அதற்காக வீட்டில் கொசுப்புழு வளர்க்காதீர்கள். டெங்கு சீசனில் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து எனக்குப் போதும் என்றாகிவிட்டது. உறைய வைத்த பிளட்வார்ம், நல்ல பெல்லட், வாரத்தில் ஒருநாள் வேகவைத்து நசுக்கிய பட்டாணி, இவ்வளவு போதும். லைட்டை அணைத்த பிறகு போட வேண்டும் என்பதுதான் முக்கியம். பகலில் போட்டால் டெட்ரா தின்றுவிடும், கெளுத்தி பட்டினி கிடக்கும்.

தொட்டி எங்களுடையது இரண்டரை அடி. அடியில் வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்துக் கழுவிப் பரப்பியிருக்கிறேன். விளாச்சேரியில் வாங்கிய மண்சட்டி இரண்டை உடைத்துக் கவிழ்த்து வைத்தேன், ஒரு மரவேரும் உண்டு. ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தால், ஐந்தும் சட்டியின் கூரையை விட்டு ஒவ்வொன்றாக இறங்கும். இறங்கும் என்பதா, அவற்றுக்கு அது ஏறுவதா, தெரியவில்லை. தண்ணியின் மேல் ஏட்டுக்கு அடியில் வரிசையாக ஊர்ந்து, மீசையால் அந்த ஏட்டைத் தடவிக்கொண்டே போகும். எகிப்தில் நாலாயிரம் ஆண்டுக்கும் முந்தைய கல்லறைச் சுவர்களில் நைல் ஆற்று மீன்களைச் செதுக்கும்போது, இதன் உறவுக்கார மீனை மட்டும் மல்லாந்தபடியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிற்பி ஆற்றங்கரையில் எவ்வளவு நேரம் நின்று கவனித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

நோய் வந்தால் ஒரு எச்சரிக்கை. வெள்ளைப்புள்ளிக்குக் கடையில் கொடுக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் மாலகைட் கிரீன் அல்லது காப்பர் சல்பேட் இருக்கும். செதில் உள்ள மீனுக்கு எழுதிய அளவை இதற்குப் போடுவது, பெரியவருக்கு எழுதிய மாத்திரையைக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி. பாட்டில் லேபிளில் என்ன மருந்து என்று படியுங்கள், காப்பர் என்றால் தவிருங்கள், மற்றதைப் பாதி அளவில் தொடங்குங்கள். லேபிளே இல்லாத பாட்டிலை வாங்கவே வேண்டாம். அந்தத் தம்பி எனக்குக் கொடுத்ததில் லேபிள் இருந்தது, பாதி அளவு என்று அவரே சொல்லியும் கொடுத்தார்.

பகலில் பார்த்து ரசிக்க மீன் வேண்டும் என்றால் இது உங்களுக்கு ஏற்றதில்லை. குழந்தைகள் மாலை ஆறு மணிக்குத் தொட்டி முன்னால் நின்றால் வெறும் சட்டியைத்தான் பார்ப்பார்கள். மிகச் சின்ன கப்பிக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் இதோடு தப்பாது. மற்றபடி டெட்ரா, கோரிடோரஸ், சாதுவான எந்த மீனோடும் ஒத்துப்போகும். நல்ல பராமரிப்பில் பல வருஷம் இருக்கும் மீன், அந்த யோசனையோடு வாங்குங்கள்.

குழாய்த் தண்ணியே வராத, முழுக்க போர் தண்ணியை நம்பியிருக்கிற பகுதிகளில் இருப்பவர்கள் இதைப் போட்டுச் சிரமப்பட வேண்டாம். இதே குடும்பத்தில் தங்கனிக்கா ஏரியிலிருந்து வரும் சினோடான்டிஸ் லூசிபின்னிஸ் என்ற குட்டி மீன் இருக்கிறது. வியாபாரிகள் பெரும்பாலும் ‘பெட்ரிக்கோலா’ என்றே விற்பார்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி, துடுப்பு ஓரங்களில் வெள்ளைக் கரை, நாலைந்து அங்குலம். அந்த ஏரியின் தண்ணியே கடினமானது, பி.ஹெச். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் போர் தண்ணி அதற்கு ஒத்துக்கொள்ளும். எப்போதும் மல்லாந்து நீந்தாது, ஆனால் பகலிலும் கொஞ்சம் வெளியே வரும். விலை இதைவிடக் கூடுதல். அரசரடித் தம்பியிடம் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார். அதையும் ஒற்றையாகத் தர மாட்டார்.